வேடம் கலைந்த பின்னும் சீதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறும் பாதையில் இருக்கிறது கரியாலூர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே அரண்போல் நிற்கும் இம்மலையில், சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கிவரும் செய்தி. அவர்கள் போற்றும் தெய்வங்களுள் ஒருவர் கரியராமன். கார்வண்ணனாகிய ராமபிரானே அந்த மலையில் அப்பெயரோடு குடிகொண்டிருக்கிறான்.

ராமனும் சீதையும் எப்படி இருப்பார்கள் என்று மலையிலும் சமவெளியிலும் வாழ்ந்த நம் முன்னோரைக் கேட்டிருந்தால், கோயில் விக்கிரகத்தையோ, கதாகாலட்சேபத்தில் கேட்ட வருணனையையோ, கூத்துக் களத்தில் கண்ட வேடத்தையோ மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருப்பார்கள். ஊருக்கு ஊர் அந்த முகம் மாறியிருக்கும். 1987-ஆம் ஆண்டில் இந்த நிலை மாறிற்று. பாரதத்தின் பெரும்பகுதிக்குச் சீதாபிராட்டியின் முகம் ஒன்றேயாயிற்று. அந்த முகத்துக்கு உரியவர் தீபிகா சிக்லியா. கோடிக்கணக்கானோர் கைகூப்பிய ஒரு முகத்தோடு வாழ்நாள் முழுவதும் வாழ்வது எத்தகைய பேறு, எத்தகைய பாரம் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

ஞாயிறு காலை ஒன்பதரை மணி

ராமானந்த சாகரின் ‘ராமாயண்’ தொடர் 1987 ஜனவரி 25 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. ஞாயிறுதோறும் காலை 9.30 மணிக்கு ஒளிபரப்பாயிற்று. முதலில் 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர், மக்கள் அளித்த வரவேற்பால் 78 பகுதிகளாக நீண்டு 1988 ஜூலை 31 அன்று நிறைவுற்றது. அருண் கோவில் ராமராகவும், சுனில் லஹ்ரி லட்சுமணராகவும், மல்யுத்த வீரர் தாரா சிங் அனுமனாகவும், அரவிந்த் திரிவேதி ராவணனாகவும் நடித்தனர். ரவீந்திர ஜெயின் இசையமைத்தார்.

அந்நாளில் ஞாயிறு காலைகளில் கடைவீதிகள் வெறிச்சோடின. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளின் கூடங்களில் அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடினர். நீராடிய பிறகே பெட்டியின்முன் அமர்ந்த குடும்பங்களும், அதற்குப் பூமாலை சூட்டி, ஊதுவத்தி ஏற்றி வழிபட்ட குடும்பங்களும் ஏராளம். ராமனும் சீதையும் திரையில் தோன்றியபோது கன்னத்தில் போட்டுக்கொண்ட முதியோர் எத்தனையோ பேர்.

தமிழகத்தில் அத்தொடரின் இந்தி வசனம் பலருக்குப் புரியவில்லை. ஆயினும் கதை தெரியாதவர் எவருமில்லை. வால்மீகியின் காவியத்தையும் துளசிதாசரின் மானசத்தையும் முதன்மையாகக் கொண்ட சாகர், தமக்குத் துணைநின்ற நூல்களின் பட்டியலில் தமிழின் கம்பராமாயணத்தையும் சேர்த்திருந்தார். தமிழ்த் திரையிலும் 1958-இல் வெளியான ‘சம்பூர்ண ராமாயண’த்தில் என்.டி. ராமாராவ் ராமராகவும், பத்மினி சீதையாகவும், சிவாஜி கணேசன் பரதனாகவும் நடித்ததை நம் மக்கள் கண்டு மகிழ்ந்திருந்தனர். ஆனால் திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். தொலைக்காட்சிச் சீதையோ ஒன்றரை ஆண்டுக் காலம், வாரம் தவறாமல் வீட்டுக்குள் வந்தார். பெண்ணைப் போலவும் மருமகளைப் போலவும் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார்.

சீதையைத் தேர்ந்த விதம்

தீபிகா 1965 ஏப்ரல் 29 அன்று மும்பையில், குஜராத்திக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1983-இல் வெளியான ‘சுன் மேரி லைலா’ என்னும் இந்திப் படத்தின் வாயிலாகத் திரையுலகில் அறிமுகமானார். தொடக்க ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் சிறியவை. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களிலும் அவர் நடித்திருக்கிறார். 1985-இல் சாகர் தயாரித்த ‘விக்ரம் ஔர் பேதாள்’ தொடரில் விக்கிரமாதித்தனாக அருண் கோவில் நடித்தார். நாம் சிறுவயதில் கேட்டு வளர்ந்த வேதாளக் கதைகளே அவை. கதைக்குக் கதை மாறும் அரசகுமாரிகளாகத் தீபிகா அதில் தோன்றினார்.

அந்தப் படப்பிடிப்புக் காலத்தில் சாகரின் இல்லத்தில் சிறுவர் பலர் கூடியிருப்பதைக் கண்டு, லவன் குசன் வேடங்களுக்கான தேர்வு நடக்கிறது என்று அறிந்ததாகவும், அதன்பின் தாமும் சீதை வேடத்துக்கான தேர்வில் கலந்துகொண்டதாகவும் தீபிகா பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஒரு முறையோடு தேர்வு முடியவில்லை. பலமுறை ஒப்பனையிட்டு, நடக்கச் சொல்லி, பேசச் சொல்லிப் பார்த்தனர். பல பெண்களுக்கு நடுவே நடந்து வந்தாலும், எவரும் சுட்டிக்காட்டாமலே இவர்தாம் சீதை என்று பார்ப்பவர் அறிய வேண்டும் என்பது சாகரின் எதிர்பார்ப்பு. தொடர் தொடங்கியபோது தீபிகாவுக்கு வயது 21.

குஜராத், மகாராஷ்டிர மாநிலங்களின் எல்லையோரம், கடற்கரை ஊரான உம்பர்காவ்ம் என்ற இடத்தில் அயோத்தியும் மிதிலையும் இலங்கையும் அரங்குகளாக எழுந்தன. மும்பையின் பரபரப்பிலிருந்து விலகி நடிகர்கள் அங்கேயே தங்கி நடித்தனர். வனவாசக் காட்சிகளில் காவி உடுத்து, மலர்களையே அணியாகப் பூண்டு, தாழ்ந்த பார்வையும் மெல்லிய குரலுமாகத் தீபிகா தோன்றினார். அசோகவனத்தில் ராவணனை ஏறிட்டுப் பாராமல் ஒரு புல்லை இடையே வைத்து அவர் பேசிய காட்சியைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார்கள். துரும்பைக் கிள்ளிப் போட்டுப் பேசிய அன்னையின் உறுதியை வால்மீகி சொல்லக் கேட்டிருக்கிறோம். அதை அந்த இளம்பெண் கண்முன் நிறுத்தினார்.

அக்கினியும் ஆசிரமமும்

சீதையின் துன்பத்தை நேருக்கு நேர் காண நம் கவிகளுக்கே மனம் பொறுக்கவில்லை. ராவணன் அன்னையைத் தீண்டினான் என்று எழுத ஒப்பாத கம்பர், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்று பாடினார். துளசிதாசரோ, மெய்ச்சீதை அக்கினியின் காவலில் இருந்தாள், இலங்கைக்குச் சென்றது மாயச்சீதையே என்று கொண்டார். சாகர் தம் தொடரில் துளசிதாசரின் வழியைப் பின்பற்றினார். அக்கினிப் பிரவேசம் அங்கே சோதனையாக அல்லாமல், அக்கினிதேவன் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைத் திருப்பித் தரும் நிகழ்ச்சியாக அமைந்தது.

பட்டாபிஷேகத்தோடு தொடர் மங்களமாக நிறைவுற்றது. ஆனால் மக்கள் அத்தோடு விடவில்லை. வால்மீகி முனிவரைத் தம் குலகுருவாகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர்கள், முனிவரின் ஆசிரமத்தில் நிகழும் உத்தரகாண்டத்தையும் காட்ட வேண்டுமென்று 1988-இல் பஞ்சாபின் ஜலந்தரிலும் வடநாட்டு நகரங்கள் சிலவற்றிலும் வேலைநிறுத்தம் செய்தனர். தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. அரசு இணங்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ‘உத்தர ராமாயண்’ தொடங்கி மறு ஆண்டுவரை ஒளிபரப்பாயிற்று. ஊரார் பேச்சால் நாடு துறந்து, வால்மீகியின் நிழலில் இரு மக்களை ஈன்று வளர்த்த அன்னையாகத் தீபிகா மீண்டும் வந்தார். நாட்டின் மிக எளிய தொழிலாளர்கள் தங்கள் கூலியை இழந்து கேட்டுப் பெற்ற காட்சி அது. அந்த அளவுக்கு அத்தொடர் மக்களுடையதாகியிருந்தது.

காலில் விழுந்த கூட்டம்

இதற்குப் பின் தீபிகா எங்கே சென்றாலும் முதியோர் உட்பட மக்கள் அவர் காலில் விழுந்தனர். இளம்பெண் ஒருவருக்கு அது எளிய செய்தியன்று. பொது இடங்களில் எப்படி உடுப்பது, எப்படிப் பேசுவது, எப்படிச் சிரிப்பது என்பதில்கூட அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருந்தது. ராமராக நடித்த அருண் கோவிலுக்கும் இதே நிலைதான். தென்னாட்டில் நடந்த ஒரு படப்பிடிப்பின்போது, புகைபிடித்துக்கொண்டிருந்த தம்மை ஒருவர் வந்து ஏசியதையும், உம்மை ராமன் என்று எண்ணியிருக்கிறோமே என்று அவர் வருந்தியதை அறிந்து அப்பழக்கத்தையே கைவிட்டதையும் அருண் கோவில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

நடிப்புத் தொழிலில் தீபிகாவுக்கு வழி குறுகிற்று. மற்ற நடிகையருக்கு அமைந்த வேடங்களைச் சீதைக்குக் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் தயங்கினர். தென்னகம் அவரை ஓரளவு அரவணைத்தது. தமிழ்ப் படமான ‘புதிய பாதை’யின் கன்னட வடிவமாக 1990-இல் வெளிவந்த ‘ஹொஸ ஜீவன’த்தில் சங்கர் நாக்குடன் நடித்தார். தமிழில் சிவாஜி கணேசன் நடித்த ‘நாங்கள்’ படத்திலும் இடம்பெற்றார். 1990-இல் தூர்தர்ஷனில் வந்த ‘திப்பு சுல்தானின் வாள்’ தொடரில் திப்புவின் தாயாக, ஓர் இஸ்லாமிய அரசியாக நடித்தார். நல்ல நடிகைக்கு எந்த வேடமும் அந்நியமன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனாலும் மக்கள் மனத்தில் அவர் சீதையாகவே நின்றார்.

அரசியலும் அந்த முகத்தை நாடிற்று. 1991-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராகக் குஜராத்தின் வடோதராத் தொகுதியில் நின்று வென்றார். அதே தேர்தலில் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்காண்டாத் தொகுதியில் வென்றார். சீதையும் ராவணனும் ஒரே கட்சியின் உறுப்பினர்களாக ஒரே மக்களவையில் அமர்ந்ததை அன்று வேடிக்கையாகப் பேசாதவர் இல்லை. அதே ஆண்டில் தீபிகாவின் திருமணமும் நடந்தது. ஒரு முறை உறுப்பினராக இருந்ததோடு அவர் அரசியலிலிருந்து விலகினார். இரு பெண்மக்களுக்குத் தாயாகி, அழகுப்பொருள் தயாரிக்கும் கணவரின் நிறுவனத்தில் பணியாற்றினார். திரையிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார்.

கூத்துக் களம் அறிந்த முறை

வேடத்தை வணங்குவது தமிழகத்துக்குப் புதிய வழக்கமன்று. கல்வராயன் மலையின் கிழக்கே விரியும் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் சமவெளி, திரௌபதி அம்மன் கோயில்களுக்கும் தெருக்கூத்துக்கும் பெயர்பெற்ற பூமி. அங்கே அக்கினி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று, அர்ச்சுனனாக வேடமிட்டவர் உயர்ந்த தபசு மரத்தில் பாடியபடியே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தை முந்தானையில் ஏந்திக்கொள்ள, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர் கூத்தாடி அல்லர், அர்ச்சுனனே.

ஆனால் அந்த மரபுக்கு ஓர் எல்லையும் உண்டு. காப்புக் கட்டித் தொடங்கும் விழா, காப்பு அவிழ்த்து முடியும். விடிந்ததும் அரிதாரம் கலைந்துவிடும். கிரீடமும் புஜகீர்த்தியும் பெட்டிக்குள் போகும். பிறகு அவர் ஊரில் ஒருவர். தம் வயலுக்கோ கூலி வேலைக்கோ செல்வார். டீக்கடையில் அவர் பீடி பற்றவைத்தால், அர்ச்சுனன் இப்படிச் செய்யலாமா என்று எவரும் கேட்பதில்லை. வேடத்துக்கு உரிய வணக்கம் இன்னது, மனிதருக்கு உரிய மரியாதை இன்னது என்பதைப் பள்ளிக்கூடம் செல்லாத பாமரரும் பிரித்தறிந்திருந்தனர்.

நம் வீட்டுப் பூஜையிலும் இதே முறைதான். மஞ்சளைப் பிடித்து வைத்துப் பிள்ளையாரை ஆவாகனம் செய்கிறோம். அருகம்புல் சாத்தி, நிவேதனம் செய்து, விழுந்து வணங்குகிறோம். பூஜை முடிந்ததும் யதாஸ்தானம் செய்து, மஞ்சள் பிடியைச் சற்றே நகர்த்தி வைக்கிறோம். அதன்பின் அது மஞ்சள். வந்தருளிய தெய்வத்தை மீண்டும் தன் இருப்பிடத்துக்கு எழுந்தருளப் பிரார்த்திப்பது ஆகமம் காட்டிய வழி. அழைப்பதற்கு ஒரு மந்திரம் இருப்பதுபோல், விடை கொடுப்பதற்கும் ஒரு மந்திரம் இருக்கிறது.

தொலைக்காட்சிக்கு அந்த இரண்டாம் மந்திரம் தெரியாது. தீபிகாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அவிழ்க்க எவரும் இல்லை.

மீண்டும் வந்த ராமாயணம்

2018-இல் ‘நட்சாம்ராட்’ என்னும் குஜராத்திப் படத்திலும், 2019-இல் ‘பாலா’ என்னும் இந்திப் படத்தில் கதாநாயகியின் தாயாகவும் நடித்து, தீபிகா மெல்லத் திரும்பி வந்தார். மறு ஆண்டே, எவரும் எதிர்பாராத விதத்தில் பழைய வேடம் அவரைத் தேடி வந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் நாடு முழுவதும் ஊரடங்கியிருந்த நிலையில், 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் ‘ராமாய’ணை மறுஒளிபரப்புச் செய்தது. கோயில் கதவுகள்கூட அடைக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. ஏப்ரல் 16 அன்று ஒளிபரப்பான பகுதியை மட்டும் 7.7 கோடிப் பேர் கண்டதாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பாட்டியின் மடியிலிருந்து பார்த்தவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தனர்.

புதிய தலைமுறை தீபிகாவைக் கைப்பேசியில் தேடிக் கண்டுகொண்டது. அங்கேதான் சோதனையும் காத்திருந்தது. 2022-இல் தோழியருடன் பள்ளிச் சீருடை போன்ற உடையில், கையில் கோப்பையுடன் எடுத்துக்கொண்ட படமொன்றை அவர் சமூக வலைத்தளத்தில் பதிவிட்டார். சீதை இப்படி உடுக்கலாமா, கையில் இருப்பது என்ன என்று வசைகள் வந்து குவிந்தன. அவர் அப்படத்தை நீக்கிவிட்டு வருத்தமும் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 57. சீதையாக நடித்து முடித்து முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

ராமாயணம் படித்தவர்க்கு இந்த நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டாமல் போகாது. குற்றமற்ற ஒருத்தியைக் கண்ணால் காணாத எவனோ ஒருவன், தெருவில் நின்று சொன்ன சொல்தான் அன்னையைக் காட்டுக்கு அனுப்பியது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு கண்ணீர் விட்டவர்களே, அதில் நடித்தவரைப் பற்றி அதே விதமான ஊர்ப்பேச்சில் கலந்துகொண்டனர். அழுதபோது இருந்த இரக்கம் ஏசியபோது எங்கே போயிற்று என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளத் தகும்.

தீபிகா தம் பக்கத்தில் அந்த வேடத்தை ஒருநாளும் இகழ்ந்ததில்லை. 2024 ஜனவரி 22 அன்று அயோத்தியில் நடந்த பிராணப் பிரதிஷ்டை விழாவுக்கு அருண் கோவில், சுனில் லஹ்ரி ஆகியோருடன் அவரும் அழைக்கப்பட்டுக் கலந்துகொண்டார். கருவறையில் எழுந்தருளியிருப்பவர் பாலராமர் என்பதால் அங்கே சீதை இல்லை. ராமனின் அருகே சீதையும் இருக்க வேண்டும் என்ற தம் ஏக்கத்தை அவர் வெளிப்படையாகச் சொன்னார். 2025 ஜூன் 5 அன்று அதே ஆலயத்தின் முதல் தளத்தில் ராம தர்பார் பிரதிஷ்டை ஆயிற்று. அன்னை அங்கே ராமனுடன் வீற்றிருக்கிறாள்.

இன்றும் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் புராணத் தொடர்கள் ஓடுகின்றன. அம்மனாகவும் சீதையாகவும் திரௌபதியாகவும் நடிக்கும் பெண்களில் பலர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். கதையின்போது கைகூப்புவதில் பிழையில்லை. அந்த வணக்கம் தெய்வத்தையே சேரும். கதை முடிந்ததும் அவர்களைத் தத்தம் வாழ்க்கைக்கு மனமார விடை கொடுத்து அனுப்புவதும் பக்தியின் பகுதியே. நம் வீட்டுப் பெண் அலுவலகம் முடிந்து வரும்போது அவளுக்கு எந்த இளைப்பாறுதலை விரும்புகிறோமோ, அதையே அவர்களுக்கும் விரும்ப வேண்டும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்: இவர் சீதை வேடம் போட்ட அக்கா, நாம் கும்பிடுவது சீதம்மாவை.

அக்கினிப் பிரவேசத்துக்குப் பின்னும், மற்றொரு முறை தன் தூய்மையை மெய்ப்பிக்கச் சொன்னபோது, அன்னை பூமாதேவியின் மடியை நாடிச் சென்றுவிட்டாள். அவளை வணங்கும் நாம், அவள் வேடம் பூண்ட பெண்ணிடம் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கலாகாது.